பள்ளிக்கரணையைச் சுற்றி வீடு கட்ட அனுமதிக்கலாமா?

மனைக்காரர்:
சென்னையின் தெற்கிலுள்ள பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் 1,248 ஹெக்டேர் பரப்பு 2022இல் ராம்சார் தளமானதில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டதில், எனக்கு மறுப்பில்லை. ஆனால் அதன் எல்லையையும் தாக்கப் பகுதியையும் வரையறுக்கும் ஆய்வு முடியும்வரை அந்தத் தளத்துக்குள் மட்டுமன்றி, அதன் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டர் வரையிலும் புதிய கட்டுமானத்துக்கு அனுமதி தரக்கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2025இல் இட்ட உத்தரவு, அரை கிரவுண்டு மனை வைத்திருப்பவரையும் அடுக்குமாடி எழுப்பும் பெருநிறுவனத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திவிட்டது. வேளச்சேரியில் இருபுறமும் வீடுகள் நிற்க, நடுவே காலியாகக் கிடக்கும் மனையில் ஒரு மாடி வீடு எழுந்தால் சதுப்பு நிலம் அழிந்துவிடுமா? பட்டாவும் பத்திரமும் கையில் இருந்தும், வாடகையையும் வங்கித் தவணையையும் சேர்த்துக் கட்டுபவருக்கு யார் பதில் சொல்வது?

நீரோட்டம்:
ஒரு வீட்டால் அழியாது என்பது சரி. அனுமதி ஒரு வீட்டோடு நிற்காது என்பதுதான் சிக்கல். தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்யும் மழை இங்கே வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். கடல் ஏற்றமாக இருக்கும் நேரத்தில் அந்த வழி மந்தமாகிவிடும். அதுவரை வெள்ளத்தைத் தாங்கி வைத்திருக்க இந்தப் பள்ளத்தை விட்டால் வேறு இடமில்லை. புதிதாகக் கட்டுபவர் லாரி லாரியாக மண் கொட்டி மனையைச் சாலைக்கு மேல் உயர்த்திக்கொள்கிறார். பக்கத்திலுள்ள பழைய வீட்டின் வாசற்படி தெருவுக்குக் கீழே போய்விடுகிறது. 2015இலும் 2023 டிசம்பரிலும் மோட்டார் வைத்து இறைத்த தண்ணீர் மறுபடியும் அதே கூடத்துக்குள் திரும்பியதை இந்தப் பகுதிவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள்.

மனைக்காரர்:
அப்படியானால் மண் கொட்டுவதைத் தடை செய்யுங்கள். தூண்களின் மேல்தான் கட்ட வேண்டும், கீழ்த்தளம் திறந்தே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதியுங்கள். இங்கே மறுக்கப்படுபவர் வீட்டுக் கனவைக் கைவிடப்போவதில்லை. படப்பைக்கோ கூடுவாஞ்சேரிக்கோ போய், அங்குள்ள ஏரியின் நீர்வரத்துப் பாதையில் மனை வாங்குவார்.

பெரும்பாக்கத்தான்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆற்றங்கரைகளில் வெள்ள ஆபத்து என்று சொல்லிப் பல குடும்பங்களை அகற்றி, இந்தத் தாழ்வான பெரும்பாக்கத்திலேயே அடுக்குமாடிகளில் குடியமர்த்தியது அரசுதான். பெருங்குடிக் குப்பை மேட்டையும் சதுப்பு நிலத்தில் தனியார் யாரும் கொட்டவில்லை. அரசின் பங்கைப் பேசாமல் தனிமனிதரின் அரை கிரவுண்டை மட்டும் அளப்பது நியாயமாகத் தெரியவில்லை.

நீரோட்டம்:
நீங்கள் சொல்வது முழுக்க உண்மை. ஆனால் அந்தத் தவறு நடந்ததே, இனியும் அனுமதிப்பதற்கு எதிரான சான்றுதானே? தூண் வீடுகளைப் பற்றிப் பேசலாம். அதற்கு முன்னால் எல்லையைக் களத்தில் அளந்து, சர்வே எண் வாரியாக வெளியிட வேண்டும். ராம்சார் எல்லைக்குள்ளேயே வரும் பட்டா நிலங்களை அரசு இழப்பீடு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும்.

மனைக்காரர்:
எந்த விலைக்கு? சந்தை விலைக்கா, பத்திரப்பதிவுக்கு அரசு வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்புக்கா? அதை முதலில் எழுத்தில் தரச் சொல்லுங்கள்; அதன் பிறகு என் மனையை நானே அளந்து காட்டுகிறேன்.