தொழுநோய் மன்னனின் காசு என்று வாங்கினேன்

சிலுவைப்போர் (ஜெருசலேமுக்காக ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களோடு நடத்திய போர்கள்) காலத்துக் காசு கையில் கிடைத்த, இல்லை கண்ணிலாவது பட்ட அனுபவம் யாருக்காவது இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள். முதலில் நான் ஏமாந்த கதை.

நாலு வருஷத்துக்கு முன்னால் இணைய ஏலத்தில் ஒரு காசு எடுத்தேன். 'நான்காம் பால்ட்வின், ஜெருசலேமின் தொழுநோய் மன்னன்' என்று போட்டிருந்தது. அவர் கதை எனக்கு மனப்பாடம். சின்ன வயதில் கூட விளையாடும் பையன்கள் நகத்தால் கீறினாலும் அவருக்கு வலிக்கவில்லை என்பதை அவருடைய ஆசிரியர் டயர் நகர வில்லியம் கவனித்து எழுதி வைத்திருக்கிறார். 1174-இல் 13 வயதில் பட்டம். 1177-இல் மான்ஜிசார் போரில் எகிப்து சுல்தான் சலாவுதீனையே ஓட வைத்தார். 1185-இல் இறந்துபோனார். ('கிங்டம் ஆஃப் ஹெவன்' சினிமாவில் அவர் போட்டு வரும் வெள்ளி முகமூடி வெறும் கற்பனை.) அவர் காசு என்றால் விடுவேனா?

பார்சலைப் பிரித்தால், பழைய எவர்சில்வர் நாலணாவைவிடச் சின்னது. எடை ஒரு கிராம் வராது. வெள்ளியும் செம்பும் கலந்தது, வெள்ளி குறைவு. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் சிலுவை, சுற்றிலும் லத்தீனில் 'ரெக்ஸ் பால்ட்வினுஸ்'. மறுபக்கம் ஜெருசலேம் கோட்டையில் இருக்கும் தாவீதின் கோபுரம். எத்தனையாவது பால்ட்வின்? எண்ணே இல்லை! அப்புறம் தேடிப் படித்தால், இந்த வகையைப் பெரும்பாலும் மூன்றாம் பால்ட்வினுக்குத்தான் கொடுக்கிறார்கள். 1143 முதல் 1163 வரை ஆண்டவர். நம்மாளுக்குப் பெரியப்பா.

சரி, நான்காம் பால்ட்வின் காலத்தில் எந்தக் காசுதான் புழங்கியது? அவருடைய அப்பா அமால்ரிக்கின் காசு. அவர் 1174-இல் செத்த பிறகும் அவர் பெயரிலேயே அச்சடித்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த நூற்றாண்டு வரைக்கும். ஜனங்கள் கண்ணுக்குப் பழகின காசை ஏன் மாற்றுவானேன் என்ற கணக்குதான். கடைசியில் தேய்ந்துபோன அமால்ரிக் ஒன்றும் வாங்கினேன். மகன் கையில் பட்டிருக்க வாய்ப்பு இதற்குத்தான் அதிகம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

* * *

உங்கள் பதிவைப் படித்தேன். நான் காசு சேர்ப்பவன் இல்லை. புனித நாட்டு யாத்திரை போயிருந்தேன். யோப்பா வாசல் பக்கத்தில் வழிகாட்டி கையை நீட்டி "தாவீதின் கோபுரம்" என்றார். ஒல்லியாக உயர்ந்து நிற்பதைப் பார்த்து எல்லோரும் படம் எடுத்தோம். நீங்கள் சொல்லும் பால்ட்வின் காசில் இருப்பதோ குட்டையான, மேலே பல்வரிசை வைத்த கோபுரம். இப்போதுதான் விசாரித்தேன். நாங்கள் படமெடுத்தது 17-ஆம் நூற்றாண்டில் ஒட்டோமான் துருக்கியர் கட்டிய மசூதி மினார்! அசல் கோபுரத்தின் அடிப்பாகம் பக்கத்திலேயே பெரிய பெரிய கல்லாக நிற்கிறது. அதுவும் தாவீது கட்டியதல்ல, ஏரோது கட்டியது.

அமால்ரிக் காசில் இருப்பது இயேசுவின் கல்லறைத் தேவாலயம்தானே? கூம்புக் கூரை, உச்சி திறந்திருக்கிறது. நாங்கள் பார்த்தது உருண்டைக் குவிமாடம். 1808 தீ விபத்துக்குப் பிறகு மாறியதாம். அந்தக் கல்லறைமேல் இருந்த வெள்ளியை 1187-இல் சலாவுதீன் நகரை முற்றுகையிட்டபோது பிரித்துக் காசாக்கித்தான் வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள் என்று படித்தபோது என்னவோ போல இருந்தது.

* * *

என் அனுபவமும் சொல்கிறேன். எனக்கு மதரஸாவில் படித்த அரபி கொஞ்சம் உண்டு. நண்பர் ஒருவர் தங்கக் காசின் படம் அனுப்பி, "இதைப் படிச்சுச் சொல்லு பாய்" என்றார். எழுத்துத் தட்டுத் தடுமாறி ஓடுகிறது. இருந்தாலும் கலிமா (இஸ்லாமிய உறுதிமொழி) தெரிகிறது, முஹம்மத் என்று தெரிகிறது. "ஃபாத்திமி தீனார், யாரோ அரைகுறை அச்சு வெட்டியிருக்கான்" என்றேன். அவர் சிரித்தார். அடித்தது சிலுவைப்போர்க்காரர்கள்! எகிப்தை ஆண்ட ஃபாத்திமி வம்சத்துக் கலீபா அல்-ஆமிரின் தீனாரைப் பார்த்து அப்படியே நகல் எடுத்திருக்கிறார்கள். வியாபாரிகள் அந்தக் காசைத்தான் நம்பினார்களாம்.

இது பல தலைமுறை நடந்திருக்கிறது. 1250 வாக்கில் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயியோடு வந்த போப்பின் தூதர், கிறிஸ்தவர்கள் அடிக்கும் காசில் முஹம்மத் பெயரைப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போய் போப்புக்கு எழுதினார். உடனே மாற்றினார்கள், ஆனால் அரபியை விடவில்லை. 1251-இல் சிலுவைப்போர்க்காரர்கள் கையில் இருந்த அக்கோ துறைமுகத்தில் அடித்த காசில் நடுவே சிலுவை, சுற்றிலும் அரபியில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி. 'மஸீஹ் (இயேசு) மனித உருவெடுத்த 1251-ஆம் ஆண்டு' என்று வருஷமும் அரபியிலேயே. அந்தப் படத்தை மட்டும் திக்காமல் படித்தேன். எழுத்து அத்தனை சுத்தம்.