கப்பல் பயணத்தில் மாரத்தான் பயிற்சி: லாங் ரன், ட்ரெட்மில், ஜிபிஎஸ் குழப்பம் – உதவி தேவை

பீடோக்_ஓட்டம் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். டிசம்பர் முதல் வாரம் சிங்கப்பூரில் முழு மாரத்தான் ஓடுகிறேன், இலக்கு 4 மணி 15 நிமிடம். அக்டோபர் நடுவில் குடும்பத்தோடு 4 இரவுக் கப்பல் பயணம் இருக்கிறது. வியாழன் மாலை மரினா பே முனையத்தில் ஏறுகிறோம். வெள்ளி மதியம் 2 முதல் இரவு 10 வரை பினாங்கு, சனி காலை 8 முதல் மாலை 5 வரை புக்கெட், ஞாயிறு முழுக்கக் கடல், திங்கள் காலை சிங்கப்பூர்.

இப்போது வாரம் 5 நாள், மொத்தம் 55 கி.மீ. செவ்வாய் டெம்போ (கொஞ்சம் கடினமான, சீரான வேக ஓட்டம்), ஞாயிறு லாங் ரன் (வாரத்தின் நீண்ட ஓட்டம்). கடலில் இருக்கும் அந்த ஞாயிறுதான் 24 கி.மீ. ஓட வேண்டிய நாள். ஜிம் ட்ரெட்மில்லில் கூட்ட நேரத்தில் ஆளுக்கு 30 நிமிடம்தான் என்கிறார்கள். மேல் டெக்கில் ஓட்டப்பாதை உண்டு, ஒரு சுற்று 200 மீட்டர் போல. ஜிபிஎஸ் கடிகாரம் கப்பலில் தாறுமாறான வேகம் காட்டும் என்றும் கேள்விப்பட்டேன்.

24 கி.மீ.-ஐ எங்கே வைப்பது? டெம்போவை ட்ரெட்மில்லில் செய்தால் சரியாக வருமா? துறைமுகங்களில் ஓட முடியுமா?

---

42_195

தம்பி, லாங் ரன்னைக் கப்பலுக்குள் கொண்டுபோகாதீர்கள். ஏறுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். புதன் விடியற்காலை 4:45-க்கு ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் தொடங்கினால் வெயில் ஏறுவதற்குள் 24 முடிந்துவிடும். அதற்கு முந்தைய ஞாயிறு ஓட்டத்தை மட்டும் 14-க்குக் குறைத்துவிடுங்கள். மூன்று நாள் இடைவெளியில் இரண்டு பெரிய ஓட்டங்களைக் கால் தாங்காது. செவ்வாய் டெம்போ வேண்டாம், 6 கி.மீ. மெதுவாகப் போதும். வியாழன் ஓய்வு. அன்றைக்குப் பெட்டி கட்டுவதும் வரிசையில் நிற்பதுமே காலுக்குப் போதுமான வேலை.

கப்பலில் மூன்று ஓட்டங்கள் போதும்:

வெள்ளி மாலை பினாங்கில் 8 கி.மீ. மெதுவாக.
சனி ஜிம்மில் டெம்போ.
ஞாயிறு காலை டெக்கில் 40 நிமிடம் மெதுவாக.

ஓட்ட அளவு குறைகிறதே என்று கவலை வேண்டாம். 1980-களில் ராபர்ட் ஹிக்சன் குழுவினர் செய்த ஆய்வுகளில், வாரம் 6 நாள் பயிற்சியை 2 நாளாகக் குறைத்த பிறகும் 15 வாரம் வரை ஆக்சிஜன் கொள்ளும் திறன் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. பயிற்சியின் தீவிரத்தைக் குறைத்தபோதுதான் அது சரிந்தது. அதனால் இந்த நான்கு நாளில் விடக்கூடாதது அந்த ஒரு டெம்போதான். கிலோமீட்டர் குறைந்தால் குறையட்டும்.

---

அதிகாலை5மணி

ஞாயிறு காலை 5 மணிக்கு டெக்கில் யாரும் இருக்க மாட்டார்கள். 24 கி.மீ.-ஐ அங்கேயே ஓடலாமே? 120 சுற்று. மனதைத் தயார் செய்தால் முடியும். மாரத்தானுக்கு மனப்பயிற்சியாகவும் இருக்கும்.

---

முழங்கால்_வைத்தியம்

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 200 மீட்டர் பாதையில் சுற்றுக்கு நான்கு வளைவு என்றாலும் 120 சுற்றுக்கு 480 திருப்பம். கப்பலின் வளைவுகள் விளையாட்டரங்க வளைவுபோல அகலமானவை அல்ல, மூலையில் மடங்கித் திரும்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்பக்கக் காலின் கணுக்காலும், வெளிப்பக்கக் காலின் இடுப்பிலிருந்து முழங்கால் வரை இறங்கும் பட்டையும் இழுபடும். கீழே இரும்புத்தகடு, மேலே மெல்லிய பூச்சு. அதில் கால் அதிர்வு அதிகம். 7 வாரத்தில் மாரத்தான் இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு?

டெக்கில் 40, மிஞ்சினால் 50 நிமிடம். பாதிநேரம் ஒரு பக்கமாக, மீதி எதிர்ப்பக்கமாக. ஆனால் சில கப்பல்களில் எந்தத் திசையில் சுற்ற வேண்டும் என்று பலகை வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் அதை மீறாதீர்கள், எதிரே வருபவர் மீது மோதுவீர்கள். வளைவுக்கு ஐந்தாறு அடி முன்பே வேகத்தைக் குறைத்துச் சின்ன அடி வைத்துத் திரும்புங்கள்.

இன்னொன்று: விடியற்காலையில்தான் பணியாளர்கள் டெக்கைக் கழுவுவார்கள். ஈரமும் உப்புப் படிவும் சேர்ந்தால் வழுக்கும், அதிலும் வெள்ளைக்கோடு போட்ட இடங்கள் மோசம். அடிப்பகுதி தேய்ந்த பழைய ஷூவைப் பயணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள். பாதைக்கு நேர் கீழே அறைகள் இருந்தால் காலை 7 அல்லது 8 வரை ஓடத் தடை இருக்கும், அதையும் முதல்நாளே கேட்டுவிடுங்கள்.

---

எஞ்சின்ரூம்

கடிகாரத்துக்கு வருகிறேன். கோளாறு கடிகாரத்தில் இல்லை. ஜிபிஎஸ் பூமியைப் பொறுத்து உங்கள் இடத்தை அளக்கிறது. கப்பல் 18 நாட் (மணிக்கு 18 கடல்மைல்) வேகத்தில் போனால் அது மணிக்கு 33 கி.மீ. நீங்கள் டெக்கில் அசையாமல் நின்றாலும் கடிகாரத்துக்கு நீங்கள் கிலோமீட்டருக்கு 1:48 வேகத்தில் ஓடுகிறவர். 40 நிமிடம் ஓடினால் 22 கி.மீ. பதிவாகும். உங்கள் அரை மாரத்தான் சாதனை அங்கேயே "உடைந்து" 5, 10 கி.மீ. சாதனைகளும் கெட்டு, அடுத்த பல வாரங்களுக்குக் கடிகாரம் சொல்லும் உடற்தகுதிக் கணக்கும் தப்பாகும்.

செய்ய வேண்டியது: டெக்கில் ஓடினாலும் கடிகாரத்தில் "ட்ரெட்மில்" அல்லது "உள்ளரங்க ஓட்டம்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஜிபிஎஸ் அணைந்துவிடும். கை வீச்சை வைத்துத் தூரம் கணக்கிடும். கார்மின் கடிகாரங்களில் ஓட்டம் முடிந்ததும் தூரத்தைத் திருத்திச் சேமிக்கும் வசதி உண்டு. ஷூவில் மாட்டித் தூரம் அளக்கும் ஃபுட் பாட் கருவி வைத்திருந்தால் இன்னும் துல்லியம், ஆனால் அதைத் தரையிலேயே சரிபார்த்துவிட்டு வாருங்கள். துறைமுகத்தில் இறங்கியதும் வெளிப்புற ஓட்டத்துக்கு மாற்ற மறக்காதீர்கள். மறந்துபோய்க் கப்பலில் ஜிபிஎஸ்ஸோடு ஓடிவிட்டால் அந்தப் பதிவை ஸ்ட்ராவா செயலியில் மட்டும் அழித்தால் போதாது. கடிகாரச் செயலியிலும் அழித்து, சாதனைப் பட்டியலைப் பழையபடி மாற்றுங்கள்.

டெக்கில் எழுதியிருக்கும் கணக்கு பெரும்பாலும் மைலில் இருக்கும். "7 சுற்று 1 மைல்" என்றால் ஒரு சுற்று 230 மீட்டர், 5 கி.மீ.-க்கு ஏறக்குறைய 22 சுற்று. கப்பலுக்குக் கப்பல் இது வெகுவாக மாறும். குயின் மேரி 2-இல் 7-ஆம் டெக்கை மூன்று முறை சுற்றினால் 1.8 கி.மீ. போல வரும். சின்னக் கப்பல்களில் ஒரு மைலுக்குப் பத்துச் சுற்றுக்கு மேலும் ஓட வேண்டியிருக்கும். சுற்று எண்ணிக்கொண்டே ஓடுவது தொல்லை, நேரம் பார்த்து ஓடுங்கள்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். காற்றே இல்லாத நாளிலும் கப்பலின் ஓட்டத்தால் முன்னோக்கி ஓடும்போது 33 கி.மீ. எதிர்க்காற்று. கடற்காற்றும் முன்னாலிருந்து 15 நாட் வந்தால் இரண்டும் சேர்ந்து 60-ஐத் தாண்டும். பின்காற்று கப்பலின் வேகத்துக்குச் சமமாக இருந்தால் டெக்கில் காற்று அசையாது, புழுக்கம் தாங்காது. இரண்டு நிலையிலும் வேகம் பார்ப்பதில் பொருளில்லை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை மலாக்கா நீரிணையில் "சுமத்ரா" சூறைக்காற்று விடியலுக்கு முன்னும் காலையிலும் வரும். மேல் டெக் கதவை மூடிவிட்டால் ஜிம்முக்குப் போங்கள், தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போகவே கூடாது.

---

பீடோக்_ஓட்டம்

நன்றி அண்ணே. புதன் லாங் ரன் என்று முடிவு செய்துவிட்டேன். டெம்போவை ட்ரெட்மில்லில் எப்படி வைப்பது? தரையில் கிலோமீட்டருக்கு 5:40-இல் ஓடுவேன். கப்பல் ஆடினால் அந்த வேகம் பிடிக்க முடியுமா?

---

எஞ்சின்ரூம்

ஜிம் பெரும்பாலும் மேல் தளத்தில், கப்பலின் முன்பக்கம் இருக்கும். ஆட்டம் அதிகம் தெரிகிற இடமே அதுதான். கப்பல் நடுவிலும் கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு. ஆனால் ட்ரெட்மில் அங்கே இருக்காது.

முன்னோக்கி வைத்த ட்ரெட்மில்லில் கப்பலின் மூக்கு ஏறி இறங்குவது உங்களுக்குச் சரிவாகத் தெரியும். 2 பாகை ஏறினால் 3.5 சதவீத ஏற்றம் கூடியதற்குச் சமம், இறங்கும்போது அதே அளவு இறக்கம். சில விநாடிக்கு ஒருமுறை இது மாறும். திரையில் 10.6 என்று ஒரே வேகம் இருக்க, நெஞ்சுத் துடிப்பும் தொடையில் விழும் பளுவும் ஏறி இறங்கும். மலாக்கா நீரிணையில் இவ்வளவு ஆட்டம் வருவது அரிது. வடக்கே அந்தமான் கடல் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றின் அலை அக்டோபரிலும் மிச்சமிருக்கலாம்.

பக்கவாட்டு ஆட்டம்தான் ஆளைத் தள்ளும். பாதுகாப்புக் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் பெல்ட்டில் ஏறாதீர்கள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே ஓட வேண்டிய நிலை வந்தால் அன்றைக்கு டெம்போவை விட்டுவிட்டு நிலைச் சைக்கிளுக்கு மாறுங்கள்.

---

42_195

சனிக்கிழமை என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. புக்கெட்டில் கப்பல் நங்கூரமிட்டு நிற்கும், மூன்றில் இரண்டு பேர் கரைக்குப் போயிருப்பார்கள், ட்ரெட்மில் காலியாக இருக்கும், ஆட்டமும் கப்பல் ஓடும்போதை விடக் குறைவு. 30 நிமிட வரம்பையும் அப்போது யாரும் பார்க்க மாட்டார்கள். காலை 9-லிருந்து 10-க்குள் முடித்துவிட்டுக் குடும்பத்தோடு கரைக்குப் போகலாம்.

10 நிமிடம் மெது ஓட்டம். பிறகு 8 நிமிடம் டெம்போ, 2 நிமிடம் மெதுவாக, இப்படி மூன்று முறை. கடைசியில் 8 நிமிடம் மெதுவாக. ஏற்றம் 1 சதவீதம். உங்கள் 5:40 என்பது 10.6 கி.மீ. வேகம். 10.1-இல் தொடங்குங்கள். மூன்று நான்கு சொல் பேசலாம், முழு வாக்கியம் பேச முடியாது என்ற அளவில் மூச்சு இருந்தால் அதுதான் டெம்போ. இரண்டாவது சுற்றிலும் எளிதாக இருந்தால் மட்டும் 0.2 கூட்டுங்கள். ஜிம்மில் காற்றோட்டம் குறைவாக இருக்கும், துண்டும் 700 மி.லி. தண்ணீரும் பக்கத்தில் இருக்கட்டும்.

ட்ரெட்மில் கிடைக்காவிட்டால் படிக்கட்டு. முன் அல்லது பின் கோடியில் உள்ள படிக்கட்டைத் தேர்ந்தெடுங்கள், நடுவில் கூட்டம். ஒரு தளத்துக்கு ஏறக்குறைய 3 மீட்டர். 8 தளம் வேகமாக ஏறி, கைப்பிடி பிடித்து நடந்து இறங்கினால் ஒரு முறை. 6 முறை போதும். ஓடி இறங்க வேண்டாம், தொடை முன்தசை இரண்டு நாளைக்குப் பிடித்துக்கொள்ளும்.

---

ஜார்ஜ்டவுன்வாசி

பினாங்கில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் பியரில் நேராக அணையும், வெளியே வந்தால் ஊர். 2 மணிக்கு இறங்கி உடனே ஓடாதீர்கள், வெயில் கொளுத்தும். 5:30-க்குத் தொடங்குங்கள், சூரியன் மறைய 7 மணி ஆகும். வலப்பக்கம் திரும்பினால் கார்ன்வாலிஸ் கோட்டை, அதை ஒட்டி எஸ்பிளனேடு கடற்கரைத் திடல். மெது ஓட்டத்துக்கு அந்தத் திடலையே சுற்றலாம், முழுக்கச் சமதரை.

கர்னி டிரைவ் வரை போக 4 முதல் 5 கி.மீ. ஆகும். ஆனால் நார்தம் சாலையில் வெள்ளி மாலை வண்டிகள் அதிகம், நடைபாதை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஏறும். குடும்பம் காத்திருக்கும்போது நான் அதைச் சொல்ல மாட்டேன். வெல்டு கீயில் உள்ள மரப்பலகைக் குடியிருப்புத் துறைகளுக்குள் ஓடாதீர்கள், அவை மக்கள் வாழும் வீடுகள். ஓடி முடித்தால் லெபுஹ் பாசார் பக்கம் நம்ம சாப்பாட்டுக் கடைகள் நடக்கும் தூரம்தான்.

புக்கெட்டுக்கு முக்கியமான எச்சரிக்கை: தாய்லாந்து நேரம் சிங்கப்பூருக்கு ஒரு மணி நேரம் பின்னால். கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே இருந்தால், உங்கள் போனில் 3:30 காட்டும்போது கப்பலில் 4:30. போன் தானாக மாறிவிடும், அதை நம்பினால் கப்பலை விட்டுவிடுவீர்கள். எந்த நேரம் என்று கப்பல் தினத்தாளில் பார்த்துக் கடிகாரத்தில் கையால் வையுங்கள். பெரிய கப்பல்கள் பாதோங் விரிகுடாவில் நங்கூரமிடும், கரைக்கு டெண்டர் படகுதான். கப்பல் மாலை 5-க்குப் புறப்பட்டால் கடைசிப் படகு அதற்கு நன்றாக முன்பே போய்விடும். அலை அதிகமானால் படகே ஓடாமலும் போகலாம்.

பாதோங் கடற்கரை 3 கி.மீ. போல நீளம். ஓடினால் ஈரமணலில், போன வழியே திரும்புங்கள். மணல் சரிவு ஒரே காலைத் தின்னாமல் இருக்கும்.

---

முழங்கால்_வைத்தியம்

மருந்து பற்றி யாரும் சொல்லவில்லை. கப்பல் ஆட்டத்தால் வரும் குமட்டல், வாந்திக்கு எடுக்கும் மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகள் தூக்கமும் வாய் உலர்வும் தரும். போட்டுக்கொண்டு ட்ரெட்மில் ஏறாதீர்கள். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை வியர்வையைக் குறைக்கும். அதோடு வெயிலில் ஓடினால் உடல் சூடு இறங்காது. பட்டை ஒட்டிய நாளில் ஏசி ஜிம்மில் மட்டும் லேசாக.

பஃபே கரண்டியைத் தொட்ட கையோடு வாழைப்பழம் உரிக்க வேண்டாம். நோரோ வைரசுக்கு ஆல்கஹால் ஜெல் சரியாக வேலை செய்யாது, சோப்புப் போட்டு 20 விநாடி கழுவ வேண்டும். ஒரு வயிற்றுப்போக்கு வந்தால் டெம்போ மட்டுமல்ல, அடுத்த வாரமும் போய்விடும். உப்புக்கரைசல் பொட்டலங்களை வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள், அதில் எழுதிய அளவுத் தண்ணீரிலேயே கரையுங்கள்.

---

பீடோக்_ஓட்டம்

எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். திங்கள் காலை இறங்கி அன்று மாலையே ஓடலாமா?

---

42_195

திங்கள் ஓய்வு. இறங்கிய பிறகும் ஒரு நாள் போலத் தரை ஆடுகிற மாதிரி இருக்கும், சிலருக்கு இரண்டு நாள். செவ்வாய் காலை தள்ளாட்டம் இல்லாவிட்டால் 8 கி.மீ. மெதுவாக. டெம்போவைப் புதனுக்குத் தள்ளுங்கள். அந்த ஞாயிறு லாங் ரன் 26 கி.மீ.