ஜெர்மனிக்குக் கைத்தறி: உதவித் திட்டக் காசை எதில் போடுறது?

மருதமுனைத் தறி
அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். மருதமுனையில 22 தறி வச்சிருக்கிற பெண்கள் சங்கத்துக்கு ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் 18 மாசத்துக்கு 30 இலட்சம் ரூபா தருது. ஜெர்மனியில ஒரு நியாய வர்த்தகக் கடை குஷன் உறை, மேசை விரிப்பு, மீட்டர் துணி மூண்டும் கேட்டிருக்கு. நூல் சாயம் போட்ட இந்தியப் பருத்தி, கொழும்பு புறக்கோட்டையில வாங்குறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள இலங்கைப் பொருளை இறக்குமதி வரியில்லாம விடுற ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை மூண்டுக்கும் கிடைக்குமா? திட்டக்காரர் பாதிக் காசுக்கு நூல் வாங்கித் தரலாம் எண்டு சொல்றாங்க. எடுக்கலாமா?

சுங்கக் கணக்கு
வஅலைக்கும் ஸலாம். மூன்றையும் ஒரே கணக்கில் வைக்க ஏலாது, ஒவ்வொன்றுக்கும் தனி விதி.

குஷன் உறையும் (சுங்கத் தலைப்பு இலக்கம் 6304) மேசை விரிப்பும் (6302) இலங்கையில் நெய்து, இலங்கையில் வெட்டித் தைத்தால் இலங்கைப் பொருள்தான். நூல் எங்கே நூற்றது, எங்கே சாயம் போட்டது என்று பார்க்க மாட்டார்கள். விரிப்புக்கு ஓரம் மடித்து அடித்தாலே தைத்த பொருள்.

மீட்டர் துணியில்தான் பலர் சறுக்குவது. பருத்தித் துணிக்கு (5208 முதல் 5212) நெசவு மட்டும் காணாது. நூலுக்குச் சாயம் போடுவதும் நெய்வதும் இரண்டும் இங்கே நடக்க வேண்டும். சாயம் போட்டு வந்த நூலில் நெய்தால் சலுகை தப்பிவிடும். சார்க் (தெற்காசிய) நாடுகளின் மூலப்பொருளையும் இலங்கைப் பொருளாகவே சேர்த்துக் கணக்கிடும் வழி ஒன்று உண்டு; அதற்கு இந்திய ஏற்றுமதியாளரின் மூல அறிக்கை (பொருள் எந்த நாட்டுடையது என்ற உறுதிமொழி) கையில் இருக்க வேண்டும். கடையில் சில்லறையாக வாங்கும் நூலுக்கு அந்தக் கடதாசி கிடைப்பது அரிது. சலுகை இல்லாவிட்டால் பருத்தித் துணிக்கு 8 வீத வரி, தைத்த உறைக்கும் விரிப்புக்கும் 12 வீதம். சலுகையில் பூச்சியம். அதனால் முதல் ஓடரில் மீட்டர் துணியை விட்டுவிடுங்கள். தையல் கூலியும் சங்கத்துக்குள்ளேயே நிற்கும்.

கடதாசி வேலை: சரக்கின் பெறுமதி 6,000 யூரோவைத் தாண்டாவிட்டால் இன்வொய்ஸிலேயே மூல அறிக்கையை எழுதி அனுப்பலாம். தாண்டினால் வர்த்தகத் திணைக்களத்தில் பதிந்து ரெக்ஸ் எண் (பதிவுபெற்ற ஏற்றுமதியாளர் எண்) எடுக்க வேண்டும். இரண்டு இன்வொய்ஸாகப் பிரித்து ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்கு அனுப்பினால் அது ஒரே சரக்குத்தான், அந்தக் குறுக்கு வழி வேண்டாம். அறிக்கையை ஆங்கிலத்தில் எழுதலாம். ‘டபிள்யூ’ (W) எழுத்தும் (வெளிநாட்டு மூலப்பொருளில் இங்கே போதிய வேலை செய்த பொருள் என்பதன் குறி) பொருளின் நாலு இலக்கத் தலைப்பும் (உறைக்கு 6304) அதில் வர வேண்டும். இலக்கம் மாறினால் சுங்கத்தில் கேள்வி வரும். நூல் பில், எந்தத் தறி, எந்தத் திகதி என்ற பதிவுகளை ஆகக்குறைந்தது மூன்று வருடம் வைத்திருங்கள். சுங்கத்தார் திரும்பிக் கேட்பது இதைத்தான்.

பிரித்தானியாவுக்கு அனுப்ப வந்தால் இதே வாசகத்தை எழுதாதீர்கள். 2023 ஜூன் முதல் அங்கே தனி வரிச் சலுகைத் திட்டம்.

சாயக் கிடங்கு
தங்கச்சி, வரி ஒரு பக்கம் இருக்கட்டும். பெட்டி திரும்பி வாறது சாயத்தாலதான்.

ரீச் என்ற ஐரோப்பிய இரசாயனச் சட்டத்தில் சில அசோச் சாயங்களுக்கு (ஒரு வகைச் செயற்கைச் சாயம்) தடை. அவற்றில் இருந்து பிரியும் அமைன் என்ற கெடுதியான இரசாயனங்கள் 22 இல் எதுவும் ஒரு கிலோ துணியில் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடையில் வாங்கும் வர்ண நூலில் என்ன சாயம் என்று கடைக்காரருக்கே தெரியாது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஆய்வுகூடச் சோதனை வேண்டும். வர்ணம் கூடக் கூடச் செலவு ஏறும், ஆகவே முதல் தொகுதிக்கு நாலு வர்ணத்துக்கு மேல் போகாதீர்கள்.

நீங்களே சாயம் போட்டால் எதைப் போட்டோம் என்ற சாட்சி உங்கள் கையில். வெந்நீரில் பிடிக்கும் ரியாக்டிவ் சாயத்துக்கு ஒரு மட்டக் கணக்கு: 1 கிலோ நூலுக்கு 20 லீற்றர் தண்ணீர், லீற்றருக்கு 50 கிராம் உப்பு, 20 கிராம் சோடா சாம்பல், 60 பாகையில் ஒரு மணித்தியாலம். சோடாவை முதலே கொட்டினால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். நூல் சாயத்தையும் உப்பையும் குடித்த பிறகு இரண்டு மூன்று தரமாகப் போடுங்கள்.

பிறகு அலசி, கொதி தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணித்தியாலம். விறகு மிச்சம் பிடிக்க இந்தக் கடைசிக் கொதியை விட்டுவிடுவார்கள். ஒட்டாத சாயம் நூலில் தங்கி, முதல் கழுவலிலேயே வெள்ளைக் கரை சிவந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் கடினமாக இருந்தால் சுண்ணாம்பைக் கட்டிப்போடும் மருந்து லீற்றருக்கு 1 கிராம் சேர்க்க வேணும்.

கழிவுத் தண்ணீரை மணலில் ஊற்றக் கூடாது. கரையோரக் கிணறுகள் ஆழமில்லாதவை, ஊற்றியது நாளைக்குப் பக்கத்து வீட்டு வாளியில் வரும். தொட்டி கட்டுவதும், சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரமும் திட்டச் செலவில் முதலே இருக்க வேணும்.

களப்போரம்
நூலுக்குக் காசு எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இனாம் நூலில் விலை போட்டால் அந்த விலை 18 மாதம்தான் நிற்கும். பத்தொன்பதாம் மாதம் நூலை முழு விலைக்கு வாங்கிக்கொண்டு, கடைக்காரரிடம் விலை கூட்டுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

ஒரு தரம் செலவழித்தால் முடிகிற விஷயங்களுக்குத் திட்டக் காசைப் போடுங்கள்: சாயத் தொட்டி, கழிவுத் தொட்டி, தராசு, சோதனைக் கட்டணம், மாதிரி அனுப்பும் செலவு, கணக்கு எழுதப் பழகுவது. நூலுக்குக் கடைக்காரரிடமே முற்பணம் கேளுங்கள். உலக நியாய வர்த்தக அமைப்பின் கோட்பாட்டில் கைப்பணிப் பொருளுக்கு, கேட்டால், ஆகக்குறைந்தது 50 வீதம் வட்டியில்லாத முற்பணம் என்றிருக்கிறது. நியாய வர்த்தகக் கடை என்றால் அதைக் கேட்பதில் வெட்கமில்லை.

கூலிக் கணக்கில் கெட்டிக்காரியின் நேரத்தை எடுக்காதீர்கள், நடுத்தரமாக நெய்பவரின் நேரத்தை எடுங்கள். பாவு (நீள நூல்) ஓட்டுவது, ஊடைக்கு (குறுக்கு நூல்) நூல் சுற்றுவது, பிசிறு வெட்டுவது எல்லாவற்றுக்கும் மணிக்கணக்கு எழுத வேண்டும். வீட்டில் உம்மாவும் பிள்ளைகளும் சும்மா செய்யும் வேலை என்று அதைத் தள்ளிவிடுவதால்தான் தறிக்காரிக்குக் கடைசியில் கை வெறுமை.

12 வீத வரிச் சலுகையை லாபமாகவும் எண்ண வேண்டாம். 2010 ஓகஸ்டில் இலங்கை அதை இழந்து, 2017 மே மாதம்தான் திரும்பப் பெற்றது. வரி கட்டினாலும் நட்டமில்லாத விலையா என்று ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மருதமுனைத் தறி
எல்லாருக்கும் நன்றி. அப்ப மீட்டர் துணியை விட்டுட்டு உறையும் விரிப்பும் மட்டும் செய்றம். நூலுக்கு வச்ச காசைத் தொட்டிக்கும் சோதனைக்கும் மாத்தச் சொல்லி திட்டக்காரருக்கு எழுதுறன். உறை 40 சென்ரிமீற்றர் சதுரம். கழுவச் சுருங்கும் எண்டு தறியில எவ்வளவு கூட விடணும்?

சாயக் கிடங்கு
பொதுக் கணக்குச் சொல்ல ஏலாது, நெசவின் நெருக்கத்தைப் பொறுத்து மாறும். அதே நூலில் ஒரு மீட்டர் நெய்து, பாவுப் பக்கமும் ஊடைப் பக்கமும் 50 சென்ரிமீற்றர் குறி வையுங்கள். மூன்று தரம் கழுவிக் காயவைத்து அளந்தால் இரண்டு பக்கமும் வேறு வேறாகச் சுருங்கியிருக்கும். அந்தக் கணக்கில் அகலம் வைத்து, தைக்க முதல் முழுத் துணியையும் ஒருக்காக் கழுவி எடுங்கள். தைத்த பிறகு கழுவினால் உறையின் சிப் (ஜிப்) ஓரம் நெளியும், அதைத் திருத்த ஏலாது.