டிசம்பர் 31: கிளெமெண்டேவைப் பற்றிப் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல?

மைதானத்து வாத்தியார் (திருத்துறைப்பூண்டி பக்கம்):

வணக்கம். அரசுப் பள்ளியில் பி.டி. சார் நான். பேஸ்பால் ஆடுகிற பிள்ளைகள் பதினாலு பேர், கிளவுஸ் ஒன்பதுதான். டிசம்பர் 31 காலைப் பயிற்சியில் பேஸ்பால் வீரர் ரொபெர்டோ கிளெமெண்டேவை நினைத்து ஐந்து நிமிடம் பேச ஆசை. 1972-இல் அதே தேதி இரவுதான் அவர் இறந்தார்.

என் கையில் இருப்பதெல்லாம் கணக்குதான். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கு 18 சீசன், சரியாக 3,000 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸுக்குப் போய்ச் சேர்வது), சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவு விருது 12, 1960-லும் 1971-லும் உலகத் தொடர் என்கிற சாம்பியன் போட்டியில் வெற்றி. இதை வாசித்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஆனால் ரைட் ஃபீல்டில், அதாவது மைதானத்தின் வலது கோடியில், நிற்கிற எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், "3,000-க்கு அப்புறம் ஏன் சார் ஒண்ணுகூட அடிக்கல?" என்று கேட்டுவிட்டான். அவனுக்கு என்ன சொல்லட்டும்?

தென்னந்தோப்பு (பேராவூரணி):

சார், பையன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.

3,000-ஆவது ஹிட் அதே 1972 செப்டம்பர் 30. டிசம்பர் 23-இல் நிகராகுவாவின் மனாகுவா நகரம் பூகம்பத்தில் தரைமட்டமானது. கிளெமெண்டே தன் ஊரான புவேர்ட்டோ ரிக்கோவில் நிவாரணம் திரட்டி அனுப்பினார். போன சாமான் ஜனங்களுக்குப் போய்ச் சேராமல் அங்கிருந்த ராணுவத்தார் கையில் சிக்குகிறது என்று சேதி வந்தது. தான் கூடவே போனால் யாரும் கை வைக்க மாட்டார்கள் என்று நம்பி விமானத்தில் ஏறினார். பழைய டிசி-7, தாங்காத பாரம். கிளம்பிய கொஞ்ச நேரத்தில் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 38. உடல் கிடைக்கவே இல்லை.

கூடவே போவது என்றால் என்ன என்று எனக்குக் கஜாவில்தான் தெரிந்தது. 2018 நவம்பர் 16 விடியலில் என் தோப்பில் 180 மரத்தில் 23 நின்றது. மெயின் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே எங்கள் ஊர். வெளியூரிலிருந்து வந்த வண்டியெல்லாம் ரோட்டோரத்திலேயே நின்றுபோனது. மறித்தவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் கூரை இல்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம் கரூரிலிருந்து ஒரு குட்டியானை வண்டி வந்தது. கொண்டுவந்தவருக்கு நாற்பது வயது இருக்கும், டிரைவரும் அவரே. வழியில் கிடந்த மரத்தை எங்கள் பையன்களோடு சேர்ந்து அரிவாளால் வெட்டினார். கடைசி ஒரு கிலோமீட்டருக்கு வண்டியே போகாது என்றதும் தார்ப்பாயையும் போர்வைக் கட்டையும் தலையில் தூக்கிக்கொண்டு சேற்றில் நடந்தார். முழங்கால் வரை சேறு, கையில் மரம் கிழித்த ரத்தம். வீடு வீடாக அவரே எண்ணிக் கொடுத்தார். அம்மா கொடுத்த நீராகாரத்தை நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பினார். பேர் கேட்க அன்றைக்கு எங்களுக்குப் புத்தி வரவில்லை. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

அப்புறம் பிட்ஸ்பர்க்கில் இருக்கிற மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். பெருமாள் கோயிலைச் சேவித்துவிட்டு வரும்போது ஆற்றின் மேல் மஞ்சள் பாலம் ஒன்றைக் காட்டி, கிளெமெண்டே பேர் வைத்தது என்றான். பைரேட்ஸ் மைதானத்து ரைட் ஃபீல்டு சுவர் 21 அடி உயரம், அவர் சட்டை எண் 21. வெளியே சிலை. அவர் ஆடிய மூன்று மைதானத்து மண்ணை அதன் அடியில் வைத்திருக்கிறார்கள். மகன் மனாகுவா கதையைச் சொல்லச் சொல்ல எனக்குக் கரூர்க்காரர் முகம்தான் வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

வடவாறு (மன்னார்குடி):

ஐயா எழுதியதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் வேறு வேலை ஓடவில்லை.

சார், இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் அப்பா கரும்புக் கொல்லையில் வேலை பார்த்தவர். பொங்கலுக்குக் கரும்பு வெட்டுகிற வீட்டுப் பிள்ளைகள் உங்கள் டீமிலும் இருப்பார்களே, சட்டென்று ஒட்டிக்கொள்வார்கள். 1971 உலகத் தொடரில் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். ஜெயித்த கையோடு டிவியில் மைக்கை நீட்டியபோது ஆங்கிலத்துக்கு முன்னால் ஸ்பானிஷில் பேசி அப்பா அம்மாவிடம் ஆசி கேட்டார். பத்திரிகைகள் 'பாப்' என்று கூப்பிட்டபோதெல்லாம் 'ரொபெர்டோ' என்றே திருத்தினவர்.

இன்னொன்று. அணியின் கேட்சர் மேனி சாங்கியென் இரங்கல் பிரார்த்தனைக்குக்கூடப் போகவில்லை. அந்த நேரத்தில் கடலில் முக்குளித்து நண்பனைத் தேடிக்கொண்டிருந்தார்.

மைதானத்து வாத்தியார்:

கணக்குத் தாளை மடித்து வைத்துவிட்டேன். பேஸ்பாலின் பெரிய வீரர்களைச் சேர்க்கிற ஹால் ஆஃப் ஃபேமுக்கு, ஆட்டத்தை விட்டபின் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தள்ளிவைத்து 1973-லேயே சேர்த்தார்கள் என்பதை மட்டும் கடைசியில் சொல்வேன். முதலில் மனாகுவா, பிறகு கஜா. எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த ராத்திரி ஞாபகம் இருக்காது, வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். ஐயா, உங்களால் வர முடியுமா? நீங்கள் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். காலை ஆறரை, மார்கழிப் பனி இருக்கும்.

தென்னந்தோப்பு:

வருகிறேன் சார். முந்தின நாளே வந்து தங்கைவீட்டில் தங்கிக்கொள்கிறேன்.

மகனிடம் ஐந்து கிளவுஸ் சொல்லியிருக்கிறேன். பார்சலில் போடாதே, பொங்கலுக்கு வரும்போது நீயே கொண்டுவந்து பிள்ளைகள் கையில் கொடு என்றேன். சரி என்றான். இடது கைக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள், அவர்களுக்கு வேறு கிளவுஸ் பார்க்கவேண்டுமாம்.