புது பைக், 40 டிகிரி வெயில்: சூடானதும் நியூட்ரல் விழ மாட்டேங்குது, ரன்னிங்-இன் எப்படி ஓட்டுறது?

புதுவண்டி160 (கேள்வி)

வண்டி 160 சிசி, ஒற்றை சிலிண்டர், ஏர் கூல்டு, ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். ஓடியிருக்கிறது 320 கி.மீ. முதல் சர்வீஸ் 750-ல். பகலில் 40, 42 டிகிரி வெயில்.

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது கியர் எல்லாம் சுத்தமா விழுது. டிராஃபிக்கில் இருபது நிமிஷம் ஊர்ந்த பிறகுதான் தொல்லை. சிக்னலில் நியூட்ரல் தேடினால் ஒன்றிலிருந்து நேரா இரண்டுக்குப் போகுது. கிளட்ச்சை முழுசா பிடிச்சிருந்தாலும் முதல் கியரில் வண்டி மெல்ல முன்னாடி இழுக்குது. ஆஃப் பண்ணினதும் என்ஜினிலிருந்து "டிக் டிக்"னு சத்தம், கூடவே கருகின மாதிரி ஒரு வாசனை. ஆயில் பார்த்தேன், குச்சியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கு.

ரன்னிங்-இன் (புது என்ஜினைப் பழக்குற முதல் கட்ட ஓட்டம்) பற்றி மூணு பேர் மூணு விதமா சொல்றாங்க. தினமும் அரை மணி நேரம் ஐடிலில் (த்ராட்டில் கொடுக்காமல் நின்ன இடத்தில் ஓட) விடு என்கிறார் ஒருத்தர். 1000 கி.மீ. வரைக்கும் 40 வேகத்தைத் தாண்டாதே என்கிறார் இன்னொருத்தர். வெயிலுக்கு இப்பவே கெட்டியான ஆயில் மாத்து என்கிறார் மூணாமவர். எதைக் கேக்கிறது?

திருப்புளி

டிக் டிக் சத்தத்தை விட்டுடுங்க. சூடான சைலன்சரும் அதன் தகடும் ஆறும்போது சுருங்குற சத்தம் அது, எல்லா வண்டியிலும் வரும். கருகின வாசனையும் பெரும்பாலும் புது சைலன்சர் மேல இருக்கிற பூச்சும் எண்ணெய்ப் பிசுக்கும் எரியுறதுதான், சில நூறு கி.மீ.-ல் போயிடும். ஆனாலும் ஒரு தடவை டார்ச் அடிச்சு, ஹெட் கேஸ்கெட் ஓரத்திலிருந்து ஆயில் கசிஞ்சு எக்ஸாஸ்ட் குழாயில் சொட்டுதான்னு பாத்துடுங்க.

கிளட்ச் பிடிச்சும் வண்டி இழுக்குதுன்னா கிளட்ச் முழுசா விடுபடலை. நியூட்ரல் விழாததும் அதே காரணம்தான், கியர்பாக்ஸை இப்போதைக்குச் சந்தேகப்பட வேண்டாம். இரண்டு விஷயம் சொல்லுங்க:

1. என்ஜின் ஆறியிருக்கும்போது கிளட்ச் லீவரின் நுனி எவ்வளவு தூரம் சும்மா ஆடுது? ஸ்கேல் வச்சு மி.மீ.-ல்.
2. ஆயில் குச்சியைத் திருகி உள்ளே போட்டு எடுத்தீங்களா, இல்லை சும்மா வச்சு எடுத்தீங்களா?

புதுவண்டி160

லீவர் நுனியில் 26 மி.மீ. ஆடுது. மேனுவலில் 10 முதல் 20-ன்னு போட்டிருக்கு. ஆயில் குச்சியை முழுசா திருகித்தான் பார்த்தேன், சென்டர் ஸ்டாண்டில்.

திருப்புளி

ரெண்டுமே பதில் சொல்லிடுச்சு.

புது கேபிளின் வெளி உறை முதல் சில நூறு கி.மீ.-ல் அமுங்கி உட்காரும். அப்போ லீவரில் ஆட்டம் கூடும். ஆட்டம் கூடினால் லீவரைக் கைப்பிடி வரைக்கும் இழுத்தாலும் பிளேட்டுகள் பிரியுற தூரம் குறையும். குளிர்ந்திருக்கும்போது அந்த இடைவெளி எப்படியோ சமாளிச்சுடும். டிராஃபிக்கில் பாதிக் கிளட்ச்சிலேயே ஊர்ந்து ஊர்ந்து பிளேட் சூடாகி விரிஞ்சதும், அரைகுறையா ஒட்டிக்கிட்டே சுத்தும்.

சரி பண்றது இப்படி. என்ஜின் ஆறியிருக்கணும். லீவர் பக்கம் ரப்பர் மூடியைத் தள்ளிட்டு, லாக் வளையத்தைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை வெளிப்பக்கமா அரைச் சுற்று அரைச் சுற்றா திருப்புங்க. ஒவ்வொரு தடவையும் நுனியில் அளந்து 12 - 15 மி.மீ.-க்கு வந்ததும் லாக் வளையத்தை இறுக்குங்க. அட்ஜஸ்டர் மரை பாதிக்கு மேல வெளியே தெரிய வேண்டி வந்தால் அங்கே நிறுத்திடுங்க. அதை முழுசா உள்ளே திருப்பிட்டு, என்ஜின் பக்கத்தில் இருக்கிற பெரிய அட்ஜஸ்டரில் மிச்சத்தை எடுங்க. அங்கே இரண்டு நட் இருக்கும், ஒன்றைப் பிடிச்சுக்கிட்டு இன்னொன்றைத் திருப்பணும்.

முடிச்சதும் ஹேண்டிலை இடமும் வலமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. ஆட்டம் மாறினால் கேபிள் எங்கேயோ இழுபடுது, அது போற வழியைச் சரி பண்ணணும். 10 மி.மீ.-க்குக் கீழே இறுக்கிடாதீங்க. கிளட்ச் ஸ்லிப் ஆகி, மேல் கியரில் ஆர்பிஎம் ஏறும், வேகம் ஏறாது. அப்போ வர்ற கருகல் வாசனைதான் நிஜமான கவலை.

இப்போ ஆயில். உங்க மேனுவல் படத்தைப் பாருங்க. பல வண்டிகளில் குச்சியைத் துடைச்சு, திருகாமல், மரை மேல சும்மா உட்கார வச்சுத்தான் எடுக்கணும். திருகிப் பார்த்தால் குச்சி மரை ஆழத்துக்கு இன்னும் கீழே இறங்கும், அளவு இருக்கிறதை விட அதிகமா காட்டும். உங்க "நடு" நிஜத்தில் கீழ்க்கோடா இருக்கலாம். மூணு நிமிஷம் ஐடில், ஆஃப், மூணு நிமிஷம் காத்திருப்பு, வண்டி நேரா நிக்கணும், அப்புறம் குச்சி. குறைஞ்சிருந்தால் அதே கிரேடு ஆயிலை 50 மி.லி. 50 மி.லி.-ஆ ஊத்தி, ஒவ்வொரு தடவையும் பொறுத்து அளங்க. மேல்கோட்டைத் தாண்டி ஊத்தினால் நுரைச்சு, பிரீத்தர் (என்ஜின் உள்காற்றை வெளியே விடுற) குழாய் வழியா ஏர் ஃபில்டர் பெட்டிக்குப் போகும்.

ஏர் கூல்டு வண்டியில் ஆயிலும் ஒரு கூலன்ட்தான். இந்த வெயிலில் கீழ்க்கோட்டில் ஓட்டாதீங்க.

ஐந்தாம்கியர்

ரன்னிங்-இன் கேள்விக்கு வர்றேன். அரை மணி நேர ஐடில்தான் மூணிலும் மோசமான யோசனை.

சிலிண்டர் சுவரில் ஹோனிங் (கல்லால் தேய்ச்சுச் சீராக்குறது) பண்ணின குறுக்கு நெடுக்குக் கீறல்கள் இருக்கும். அதோட மேடுகளில் உரசித்தான் பிஸ்டன் ரிங் தன் வடிவத்தைச் சுவருக்குப் பொருத்திக்கும். ரிங்கைச் சுவரோடு அழுத்துறது அதன் சொந்த விறைப்பு மட்டுமில்லை, எரியுற வாயு ரிங்குக்குப் பின்னாடி புகுந்து கொடுக்கிற அழுத்தமும்தான். ஐடிலில் அந்த அழுத்தம் மிகக் குறைவு. காற்றோட்டமும் இல்லாமல் நின்ன இடத்தில் சூடானால், சுவரில் ஆயில் கருகிப் பளபளன்னு படிஞ்சிடும். பிறகு ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும், நீலப் புகை வரும். இதைச் சரி பண்ண சிலிண்டரைக் கழட்டணும்.

40-ஐத் தாண்டாதேங்கிறதும் சரியில்லை. டாப் கியரில் 40-ல் போனால் என்ஜின் திணறும். சூடான காற்றை இழுக்கும்போது நாக்கிங் (பெட்ரோல் தப்பா எரிஞ்சு என்ஜின் தட்டுற சத்தம்) வர்ற வாய்ப்பும் அதிகம். கட்டுப்படுத்த வேண்டியது ஆர்பிஎம்மையும் த்ராட்டிலையும்தான். மேனுவலில் எண் இருந்தால் அதுதான் வேதம். இல்லைன்னா, ரெட்லைன் (என்ஜின் தாண்டக் கூடாத ஆர்பிஎம்) 10,000 இருக்கிற வண்டிக்கு முதல் 500 கி.மீ. வரை 5,000, அதுக்கப்புறம் 1,000 கி.மீ. வரை 7,000-ன்னு வச்சுக்கலாம்.

ஓட்டுற விதம்:

ஸ்டார்ட் பண்ணி அரை நிமிஷத்தில் கிளம்புங்க. முதல் மூணு, நாலு கி.மீ. மெதுவா. காலி ரோட்டில் மூணாம் கியர், 3,000-லிருந்து 5,000 வரைக்கும் மூணில் ஒரு பங்கு த்ராட்டிலில் ஏத்துங்க, பிறகு த்ராட்டிலை முழுசா மூடி கிளட்ச் தொடாமல் 3,000 வரைக்கும் இறங்க விடுங்க. ஏறும்போது ரிங் அழுந்துது. மூடும்போது சிலிண்டருக்குள்ளே வெற்றிடம் உண்டாகி ஆயில் ரிங் பக்கம் மேலே வருது, உரசல் தூளையும் கழுவிட்டுப் போகுது. எட்டு, பத்து தடவை இப்படி. அடுத்து நாலாம் கியரிலும். ஒரே வேகத்தில் மணிக்கணக்கா ஹைவேயில் போகாதீங்க.

முக்கால் மணி நேரம் ஓட்டினால் பத்து நிமிஷம் ஆற விடுங்க, நிழலில். சூட்டில் ஃபின் (என்ஜினைச் சுற்றி இருக்கிற குளிர்ச்சித் தகடுகள்) மேல தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க. இதையெல்லாம் அதிகாலையில் பண்ணுங்க. உச்சி வெயிலில் டிராஃபிக்கில் மாட்டினால், ஒரு நிமிஷத்துக்கு மேல நிக்கிற சிக்னலில் ஆஃப்.

முறுக்குமுனியாண்டி

இவ்வளவு பயம் எதுக்கு? வாயு அழுத்தம்தான் ரிங்கை உட்கார வைக்குதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ முதல் நாளே முழு த்ராட்டில் கொடுத்தால் இன்னும் நல்லா உட்காருமே. இப்போ வர்ற ஹோனிங்கெல்லாம் ரொம்ப நேர்த்தி, 50 கி.மீ.-ல் வேலை முடிஞ்சுடும்.

ஐந்தாம்கியர்

ரிங் வரைக்கும் உங்க வாதத்தில் பாதி சரி. லோடு வேணும். ஆனா புது வண்டியில் ரிங் மட்டும் புதுசில்லையே? பிஸ்டன் ஸ்கர்ட், கேம், கியர் பற்கள், கிளட்ச் பிளேட் எல்லாமே பழகணும். அலுமினியம் வார்ப்பிரும்பை விட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரும்பு லைனர் (உள் உறை) இருக்கிற சிலிண்டரில், முழு த்ராட்டில் தொடர்ந்து கொடுத்தால் பிஸ்டன் முதலில் விரியும், இடைவெளி குறையும். ஏர் கூல்டு வண்டியில் வெளிக்காற்றே 42 டிகிரின்னா சூடு வெளியேறவும் நேரமாகும். அதனால் லோடு கொடுக்கணும், ஆனா சில விநாடிகள்தான், நடுவில் ஆற விட்டு. வாரண்டியில் இருக்கிற வண்டிக்கு மேனுவல் வரம்பை மீறச் சொல்றது நல்ல யோசனை இல்லை.

முறுக்குமுனியாண்டி

டைனோவில் (வண்டியை நின்ன இடத்திலேயே ஓட்டிச் சோதிக்கிற மெஷின்) ஃபேன் வச்சுப் பண்றதை மனசில் வச்சுச் சொன்னேன். டிராஃபிக் வண்டிக்கு நீங்க சொல்றதே சரி.

எண்ணெய்க்குடம்

ஆயில் விஷயம். 10டபிள்யூ-30 (இரண்டாம் எண் பெரிசானால் சூட்டில் ஆயில் அதிகக் கெட்டி) போடச் சொன்ன என்ஜினில் 20டபிள்யூ-50 ஊத்தாதீங்க. 100 டிகிரியில் 30 கிரேடோட பிசுபிசுப்பு 9.3 - 12.5 சென்டிஸ்டோக், 50 கிரேடோடது 16.3 - 21.9. அவ்வளவு கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் ஹெட்டுக்கு ஏறத் தாமதமாகும். அதோட கிளட்ச் பிளேட்டுகளை ஒட்ட வைக்கவும் செய்யும். அதாவது உங்க நியூட்ரல் தொல்லை, முக்கியமா காலையில், கூடும். மேனுவலில் வெப்பநிலை அட்டவணை இருந்து, அது 20டபிள்யூ-40-ஐ அனுமதிச்சால் முதல் சர்வீஸில் மாத்திக்கலாம்.

டப்பாவில் ஜாஸோ (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரம்) எம்ஏ அல்லது எம்ஏ2 இருக்கணும். எம்பி போட்டது கியர்லெஸ் ஸ்கூட்டருக்கு, உங்க வண்டியில் கிளட்ச் வழுக்கும். கார் ஆயிலும் வேண்டாம், எந்த "உராய்வு குறைப்பான்" பாட்டிலும் வேண்டாம். உரசித்தான் ரிங் உட்காரணும், அதைத் தடுக்கக் காசு கொடுத்து வாங்குறதா?

முதல் சர்வீஸைத் தள்ளிப் போடாதீங்க. வடிக்கிற ஆயிலில் மினுமினுன்னு மெல்லிய தூள் இருந்தால் சகஜம். விரலில் தட்டுப்படுற சில்லு இருந்தால் காட்டிக் கேளுங்க. வடிகட்டி வலையைக் கழுவி, டிரெய்ன் போல்ட்டுக்குப் புது வாஷர் போடச் சொல்லுங்க. டேப்பெட் (வால்வைத் தள்ளுற பாகம்) இடைவெளியையும் என்ஜின் ஆறின பிறகு பார்க்கச் சொல்லணும். சூட்டோட சூட்டா அளந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

செயின்லூப்

என்ஜினையே பேசிட்டு மத்ததை விட்டுட்டோம். டயரில் காற்று காலையில், ஓட்டுறதுக்கு முன்னாடி பாருங்க. ஓடி சூடான டயரில் சில பிஎஸ்ஐ கூடத்தான் காட்டும், அதைப் பார்த்து இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவா நிக்கும்.

புது பிரேக் பேடுக்கு 50-லிருந்து 10 வரைக்கும் நிதானமா அழுத்தி ஒரு பத்துத் தடவை, நடுவில் கொஞ்சம் ஓட்டி ஆற விட்டு. சூடான டிஸ்க்கை அழுத்திப் பிடிச்சபடி நிக்காதீங்க. புது செயினும் முதலில் கொஞ்சம் நீளும், 500-ல் தொய்வை அளங்க.

பெட்ரோலை மூடி விளிம்பு வரைக்கும் நிரப்பி வெயிலில் நிறுத்தாதீங்க. 12 லிட்டர் 20 டிகிரி சூடேறினால் சுமார் 230 மி.லி. கூடும்.

புதுவண்டி160

லீவரை 14 மி.மீ.-க்குக் கொண்டு வந்தேன். கீழ் அட்ஜஸ்டரைத் தொட வேண்டி வரலை. ஆயில் திருகாமல் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கு ஒரு மயிரிழை மேலதான் இருந்துச்சு. அதே கிரேடு 150 மி.லி. வாங்கிச்சு, இப்போ மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே. டிராஃபிக்கில் ஓட்டிப் பார்த்தேன், முதல் கியரில் இழுக்கிறது நின்னுடுச்சு. ஆனா நியூட்ரல் முழுசா நின்ன பிறகு தேடினால் இன்னும் ஒவ்வொரு சமயம் தப்புது.

திருப்புளி

நின்ன பிறகு தேடாதீங்க. வண்டி உருண்டுக்கிட்டிருக்கும்போதே, இரண்டாம் கியரிலிருந்து கால் பெருவிரலால் லேசா ஒரு தட்டு. நின்னுட்டால் கியர்களைக் கோக்குற பக்கவாட்டுப் பற்கள் ஒன்றோடொன்று அழுந்திப் பிடிச்சிருக்கும், கிளட்ச்சைக் கொஞ்சமே கொஞ்சம் விட்டால் நழுவும். சிக்னல் முழுக்கக் கிளட்ச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற பழக்கமும் வேண்டாம்.

320 கி.மீ.-ல் ஆயில் கீழ்க்கோட்டில் இருந்ததுக்குத் தொடக்கத்திலேயே குறைவா ஊத்தியிருக்கலாம், குடிச்சும் இருக்கலாம். இப்போ இருக்கிற அளவைக் குறிச்சு வச்சுக்கிட்டு 500-லும், சர்வீஸுக்கு முன்னாடியும் அதே முறையில் அளங்க. மறுபடியும் கண்ணுக்குத் தெரியுற மாதிரி இறங்கினால், சர்வீஸில் ஜாப் கார்டில் எழுத வச்சு ஒரு நகல் வாங்கிக்கோங்க.