மாலை நான்கு மணிக்குப் பிறகு அரசுப் பள்ளி: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கிழக்குத்தெரு அக்கா

தமிழ்நாடு அரசின் மாலை நேரக் கற்றல் திட்டமான இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை, மாலை 5 முதல் 7 வரை வகுப்பு. இதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். பாடம் முடிந்ததும் பிள்ளைகள் விளையாட ஏதாவது கேட்பார்கள். பள்ளியில் கேட்டுப் பார்க்கலாம் என்று போனேன்.

தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். பீரோவைத் திறந்து காட்டினார். விளையாட்டு மானியத்தில் வாங்கிய இறகுப்பந்து மட்டைகள் உறை பிரிக்காமல் அடுக்கியிருந்தன. உறையின் மேலேயே இருப்புப் பதிவேட்டின் பக்க எண்ணை மார்க்கரால் எழுதியிருந்தார்கள். என்னோடு வந்த நான்காம் வகுப்புப் பெண், உறையோடு சேர்த்து நரம்பை விரலால் தட்டிப் பார்த்தாள். "தொலைந்தால் நான்தான் பதில் சொல்ல வேண்டும் அம்மா" என்று சொல்லிப் பூட்டிவிட்டார்.

யாருக்காக வாங்கினார்கள் என்ற கேள்வி இன்றுவரை என்னை விடவில்லை.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

தங்கையின் வருத்தம் புரிகிறது. ஆனால் அந்தத் தலைமையாசிரியரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தவன் நான். தணிக்கைக்கு வந்த ஒருவர் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டே வந்து, "இந்தக் கால்பந்து எங்கே?" என்றார். வெடித்துவிட்டது என்றேன். "வெடித்த பந்தைக் காட்டுங்கள்" என்றார். பிள்ளைகள் அதை எந்த முள்வேலியில் எறிந்தார்களோ! நான்கு ஆசிரியர்கள் வகுப்பை விட்டுவிட்டு மைதானத்து ஓரமெல்லாம் அந்தத் தோலைத் தேடினோம். கிடைக்கவில்லை. விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தேன்.

தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டு மானியம் ஆண்டுக்கு 5,000 ரூபாய், நடுநிலைப் பள்ளிக்கு 10,000. எங்களுக்கு அது பெரும்பாலும் நிதியாண்டின் கடைசியில்தான் வந்து சேர்ந்தது. மார்ச் 31க்குள் செலவுக் கணக்கு முடிக்க வேண்டும், அதே நேரத்தில் தேர்வும் வந்துவிடும். பொருள் வாங்கி வைக்கத்தான் நேரம் இருக்கும். இந்த மானியம் ஒன்றிய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில்தான் வருகிறது. 2024–25இல் ஒன்றிய அரசு அதில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்ததையும் மறந்துவிட வேண்டாம். பீரோவைப் பூட்டியவர்மேல் மட்டும் பழி போடாதீர்கள்.

ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா

ஐயா, பந்து வெடித்தால் வெடித்தது என்று எழுத வழி இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பயன்பாட்டில் பழுதானது என்று பதிவு செய்யலாம். எங்கள் பள்ளியில் செய்கிறோம். குழுத் தலைவி நான்.

என்னை உறுத்துவது வேறு. பெண் பிள்ளைகளுக்கான தற்காப்புப் பயிற்சிக்கு கராத்தே மாஸ்டர் ஒருவர் வந்தார். சமக்ர சிக்ஷா பணம், மாதம் 5,000 ரூபாய், மூன்று மாதங்களுக்கு மட்டும். என் மகள் வீட்டு வாசலில் நின்று, இடது கையை நெற்றிக்கு மேலே மடக்கித் தடுக்கும் முறையைப் பழகிக்கொண்டே இருப்பாள். அப்பா சாப்பிடக் கூப்பிட்டாலும் அந்தக் கை இறங்காது. மூன்றாம் மாதம் முடிந்த அன்று மாஸ்டர் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி வணக்கம் சொன்னார். "அடுத்த வாரம் உதைக்கச் சொல்லித் தருகிறேன் என்றீர்களே சார்?" என்று பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். என்னிடமும் பதில் இல்லை.

தடுக்க மட்டும் கற்றுக்கொண்டு நிற்கிறார்கள் எங்கள் பெண்கள்.

ஊர்ப்புற நூலக வாசகர்

எங்கள் ஊரில் மாலையில் கதை வாசிப்பு நடத்தினோம். பள்ளியில் அல்ல, கிளை நூலகத்தில். மழை வந்தால் பிள்ளைகள் ஓட்டுக்கு அடியில் நெருக்கிக்கொண்டு கேட்டார்கள். ஒருவன் நரி பேசும் இடத்தில் மட்டும் குரலை மாற்றி வாசிப்பான். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் மேலே எழுதிய மூவருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். நூலகமும் அரசுப் பணம்தான். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்து போகிறது. பள்ளிக்கூடம் பூட்டினால் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.

அடுத்தது, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அந்தக் குழுவின் வேலை என்று சட்டத்திலேயே இருக்கிறது. தலைமையாசிரியர் தயவில் கேட்கிற விஷயம் இல்லை இது. மட்டைகளை மாலையில் யார் எடுப்பது, யார் திருப்பி வைப்பது, யார் கையெழுத்துப் போடுவது என்று தீர்மானத்தில் எழுதுங்கள். அப்படி எழுதிவிட்டால் தணிக்கையில் ஒருவர் மட்டும் தனியாக மாட்டிக்கொள்ள மாட்டார்.

ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 பேர் வரை 25,000, 250 பேர் வரை 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மீதியில் சாக்பீஸ், மின்கட்டணம், சில்லறைப் பழுது எல்லாம் அடக்கம். மைதானத்துக்கு ஒரு விளக்கு வேண்டுமென்றால் அதையும் குழுவில் பேசுங்கள். பயிற்சியாளர் சம்பளத்துக்கு நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியை நம்ப வேண்டாம். அது நிலையான சொத்துகள் உருவாக்கத்தான், மாதாமாதச் செலவுக்குக் கிடையாது. கொட்டகை கேட்டால் கிடைக்கலாம், மாஸ்டர் கிடைக்க மாட்டார்.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்

நூலக நண்பர் சட்டம் சரியாகச் சொன்னார். நடைமுறையில் பெற்றோர் கூட்டத்துக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, "கூலி வேலை போய்விடும் சார்" என்று கிளம்பிவிடுவார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. கூட்டம் நடக்கும் நேரத்தை மாலைக்கு மாற்றினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏழாம் வகுப்பு மாணவியின் அம்மா

நாங்கள் மாற்றிவிட்டோம் ஐயா. வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள், கேள்வியும் கேட்கிறார்கள். கராத்தேவுக்குத்தான் இன்னும் வழி தெரியவில்லை. மூன்று மாதப் பயிற்சியை ஆண்டு முழுவதும் நீட்டியிருக்கிற பள்ளி ஏதாவது இருந்தால், மாஸ்டருக்கு எந்தக் கணக்கில் பணம் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.

கிழக்குத்தெரு அக்கா

நூலக அண்ணா, எங்கள் ஊரில் நூலகம் கிடையாது. பள்ளியில் மொத்தமே 30 பிள்ளைகளுக்குக் கீழே. 10,000 ரூபாயில் மின்கட்டணமும் பழுதும் போக என்ன மிஞ்சும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆனால் மட்டைகள் ஏற்கெனவே வாங்கி இருக்கின்றனவே, அதற்குப் புதுப் பணம் எதுவும் வேண்டாம். கையெழுத்துப் போட நான் தயார். தன்னார்வலர் ஒருவர் மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இல்லாவிட்டாலும் தீர்மானத்தில் அவர் பெயரைச் சேர்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது.