மறுபடி அனுப்பியும் பாக்கெட் சேரவில்லை: லோரா தெரிந்தவர்கள் உதவுங்கள்

மண்டபம் கரையில் லோரா (குறைந்த மின்சக்தியில் நெடுந்தூரம் சிறு தகவல் அனுப்பும் ரேடியோ முறை) ரிசீவர், சித்தப்பாவின் நாட்டுப்படகில் டிரான்ஸ்மிட்டர். படகு எங்கே இருக்கிறது என்று நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டுக்குத் தெரிய வேண்டும். ரேடியோ சிப் எஸ்எக்ஸ் 1276, 866 மெகாஹெர்ட்ஸ், எஸ்.எஃப் (ஸ்ப்ரெடிங் ஃபேக்டர், சிக்னலை எவ்வளவு விரித்து அனுப்புவது என்ற அளவு) 10, கோடிங் ரேட் (பிழை திருத்தக் கூடுதல் பிட் சேர்க்கும் விகிதம்) 4/5.

மூன்று வாரமாகச் சிக்கல். கடல் அமைதியான நாளில் எல்லாம் வருகிறது. கச்சான் காற்று அடித்துப் படகு ஆடினால் முதல் பாக்கெட்டோடு (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டு), இரண்டு நொடி இடைவெளியில் அனுப்பும் மூன்று மறு அனுப்பலும் சேர்ந்தே தொலைகின்றன.

கோடிங் ரேட்டை 4/8 ஆக்கினேன். ஒற்றைப் பிட் பிழைகள் திருந்தும், சரி. இங்கே முழுப் பாக்கெட்டே காணோமே! ஆன்டெனாவை ஒரு மீட்டர் உயர்த்தியதில் கொஞ்சம் தேவலை. அப்புறம், கரை அனுப்பும் ‘கிடைத்தது’ என்ற பதில் தொலைந்தால் சேர்ந்த பாக்கெட்டையே படகு திரும்ப அனுப்புகிறது.

அதே பாக்கெட்டுக்குப் பதிலாக, முந்தைய பாக்கெட்டுகளை எக்ஸ்ஓஆர் (பிட்டுக்குப் பிட் ஒப்பிட்டு, ஒன்றானால் 0, வேறானால் 1) செய்த பாரிட்டியை, அதாவது தொலைந்த ஒன்றை மற்றவற்றிலிருந்து மீட்க உதவும் கூடுதல் பாக்கெட்டை, அடுத்த நிமிடங்களில் அனுப்ப நினைக்கிறேன். கடலில் இப்படிச் செய்தவர்கள், எத்தனை பாக்கெட்டுக்கு ஒரு பாரிட்டி வைத்தீர்கள்?